பத்து நிமிஷ நடை

பெர்கன் ஊருக்கு வந்து இறங்குகிற வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் சரி, முதல் அரை மணி நேரத்துக்குள் எங்கள் மாக்னேயிடம் மாட்டிக்கொள்ளாமல் போக முடியாது. துறைமுகத்தை ஒட்டிய தகவல் மையத்தில் இடது கோடி மேசை அவனுடையது. வயது ஐம்பத்து நான்கு, ஆறடிக்கு மேல் உயரம், கலியாணம் ஆகவில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை, அதே நீலப் பேனா. வருகிறவர்களுக்கு ஊர் வரைபடத்தை விரித்து, போக வேண்டிய இடத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுப்பான்.

"முதல்ல அந்தக் குடையைத் தூக்கி அங்க போடுங்க" என்பதுதான் அவனுடைய வரவேற்புரை. வாசலோரம் ஒரு பீப்பாய் நிறைய விலா எலும்பு முறிந்த குடைகள் கிடக்கும். "இந்த ஊர்ல மழை மேலேருந்து மட்டும் வராது. பக்கவாட்டுல வரும். சில நாள் கீழேருந்தும் வரும். மழைக்கோட்டு ஒண்ணு வாங்கிக்குங்க, பிழைச்சுப்பீங்க."

அப்புறம் ஆரம்பித்தான் என்றால் நிறுத்த ஆள் கிடையாது. டிராமில் கதவு திறந்து கிடக்கிறதே, கேட்க யாரும் இல்லையே என்று டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடக் கூடாது. கேட்கிறவர் மூன்றாவது நிறுத்தத்தில் ஏறுவார், அவரிடம் அழுதாலும் நடக்காது. மருந்துக் கடைக்குள் போனால் கும்பலில் முண்டக் கூடாது. சுவரில் ஒரு பெட்டி இருக்கும், டோக்கன் கிழித்துக்கொள்ள வேண்டும். "டோக்கன் இல்லாத ஆளு எங்க ஊர்ல உசிரோடயே இல்லைன்னு அர்த்தம்." யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் செருப்பு வாசலோடு சரி, ஆகவே பெட்டியில் ஓட்டையில்லாத காலுறை ஒரு ஜோடியாவது இருக்க வேண்டும்.

வழி கேட்கிற விஷயத்தில் மட்டும் அவன் குரலைத் தாழ்த்திக்கொள்வான். "எங்க ஆளுங்க பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா நடைன்னு வந்துட்டா யாரையும் நம்பாதீங்க. 'பத்து நிமிஷ நடைதான்'ம்பாங்க. சோத்து மூட்டை கட்டிக்கிட்டுக் கிளம்புங்க." இது சத்தியமான வார்த்தை. நாங்கள் நாலு வயதில் மலையேற ஆரம்பிக்கிறவர்கள். எங்களுக்கு மேடு மேடாகவே தெரியாது. எங்கள் பேச்சைக் கேட்டு ஊரைத் தாண்டிப் போய், ராத்திரிச் சாப்பாட்டுக்கு நொண்டிக்கொண்டு திரும்பியவர்கள் எத்தனையோ பேர்.

கடைசியாக ஒரு விதி. அதைச் சொல்லும்போது பேனாவை மூடி வைத்துவிடுவான்.

"டிராம்ல காலி இருக்கை இருக்கறப்போ இன்னொருத்தர் பக்கத்துல போய் உட்காரவே உட்காராதீங்க. உட்கார்ந்தா நீங்க குடிச்சிருக்கீங்கன்னு நினைப்பாங்க. இல்லேன்னா மதம் மாத்த வந்திருக்கீங்கன்னு நினைப்பாங்க. பேச்சு கொடுக்கவும் கூடாது. நாங்க கோவக்காரங்க இல்ல. எங்க வழக்கம் அப்படி."

இந்த விதியை ஊரிலேயே ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அவன்தான். அதில்தான் அவன் குடி முழுகிக்கொண்டிருந்தது.

அவனுடைய அப்பா மீன்பிடிப் படகு மெக்கானிக். ஒரு நாளைக்கு நாலு வாக்கியம் பேசுவார், அதில் இரண்டு இஞ்சினோடு. பிள்ளைக்கும் அந்த ரத்தம்தான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தால் வாய் மூடாது. மேசையை எடுத்துவிட்டால் வாய் திறக்காது. காலை ஆறு நாற்பது டிராமில் ஃபான்டாஃப்டில் ஏறி, மூன்றாவது கதவுக்குப் பக்கத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்வான். சில நிறுத்தம் தள்ளி, வெர்கெலன்டில், ஒரு பெண் ஏறுவாள். மஞ்சள் மழைக்கோட்டு, தோளில் ஒரு துணிப்பை. எதிர் வரிசையில் சாய்வாக உட்கார்ந்து, பையிலிருந்து ஊசியையும் நூலையும் எடுத்துப் பின்ன ஆரம்பிப்பாள். ஏழு வருஷமாக இப்படித்தான்.

பெயர் தெரியாது. மஞ்சள் கோட்டு என்றுதான் மனசுக்குள் அழைப்பான். ஏழு வருஷத்தில் அவள் பதினான்கு ஸ்வெட்டர் முடித்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியும். எட்டாவது ஸ்வெட்டரின் ஒரு கை நீளமாகிப்போய் அவள் முழுதாகப் பிரித்துப் பின்னிய வாரம், இவனுக்கும் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு முறை நூல்கண்டு உருண்டு வந்து இவன் காலில் முட்டியது. எடுத்துக் கொடுத்தான். "நன்றி" என்றாள். "பரவாயில்ல" என்றான். அது நாலு வருஷத்துக்கு முந்தைய சம்பவம். அது ஒரு செவ்வாய்க்கிழமை, மார்ச் ஒன்பதாம் தேதி. அன்றைக்கு முழுக்கத் தகவல் மையத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேவைக்கு மேலேயே பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தான் மடையன்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. விடாமல் இருபத்து மூன்றாம் நாளாக மழை. வெர்கெலன்டில் மஞ்சள் கோட்டு ஏறினாள். ஒரு கையில் கேக் டப்பா. இன்னொரு கையில் காலியான வாழைப்பழ அட்டைப்பெட்டி.

மாக்னே அந்தப் பெட்டியையே பார்த்தான். எங்கள் ஊர் அலுவலகங்களில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் கேக்தான். பிறந்தநாளா, பிறந்தவன்தான் கேக் சுட்டு எடுத்து வர வேண்டும். தாமதமாக வந்தாயா, மறுநாள் எல்லோருக்கும் கேக். வேலையை விட்டுப் போகிறாயா, போகிறவர்தான் கேக் சுட வேண்டும். வெறும் கேக் என்றால் பிறந்தநாள் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். கேக்கும் காலிப் பெட்டியும் சேர்ந்து வந்தால் ஒரே அர்த்தம்தான். மேசையைக் காலி செய்யப் போகிறாள். திங்கட்கிழமை இந்த டிராமில் இருக்க மாட்டாள்.

பேசிவிட வேண்டியதுதான் என்று முடிவு பண்ணினான். 'கேக் வாசனை நல்லா இருக்குங்க.' இதுதான் வாக்கியம். மனசுக்குள் பதினேழு முறை சொல்லிப் பார்த்தான். 'ங்க' வேண்டுமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஃப்ளோரிடா நிறுத்தம் வந்துவிட்டது. அவள் இறங்கினாள். மழையில் மஞ்சள் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிப் போவதை ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத் தகவல் மையத்தில் அவன் அடித்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. கழிப்பறை எங்கே என்று அவசரமாகக் கேட்ட நாலு பேரை மீன் காட்சிசாலைக்கு அனுப்பிவைத்தான். மழைக்கோட்டோடு வந்தவரிடம் குடையைப் பிடுங்கப் பார்த்தான். மையத்தின் தலைவி, தூரில் என்று பெயர், ஐந்தடி உருவம், ஐம்பதடி குரல், கண்ணாடிக்கு மேலே இரண்டு முறை அவனை முறைத்தாள்.

அப்போதுதான் எத்தோரே வந்து சேர்ந்தார். நேப்பிள்ஸ் பக்கத்து ஆள், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், எழுபது வயது, கப்பலில் வந்தவர். மாக்னே தன் விதிகளை எல்லாம் வரிசையாக ஒப்பித்து முடித்ததும் மேசை மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

"தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். டிராம்ல பேசக் கூடாது. லிஃப்டுல பேசக் கூடாது. வரிசையில ரெண்டு முழம் தள்ளி நிக்கணும். அப்போ உங்க ஊர்ல கலியாணம் எப்படிப்பா நடக்குது?"

மாக்னே சிரிக்காமலே பதில் சொன்னான். "மலையில, ஐயா."

"மலையிலயா!"

"மலைப் பாதையில எதிர்ல யார் வந்தாலும் 'ஹெய் ஹெய்' சொல்லியே ஆகணும். சொல்லாம போனாத்தான் தப்பு. கீழ பத்து வருஷமா மூஞ்சி பாக்காதவன்கூட மேல போனா சொல்லுவான்."

"அதே ஆளு, அதே வாயி. முந்நூறு மீட்டர் மேல போனதும் திறந்துக்குமா?"

"திறந்துக்கும்."

எத்தோரே அவனுடைய மோதிரமில்லாத விரலை ஒரு பார்வை பார்த்தார். "அப்போ நீ இங்க உட்கார்ந்து என்னய்யா பண்றே?"

சரியாக அந்த நேரம் பார்த்து, சினிமாவில் வருகிற மாதிரி என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனால் நடந்தது அதுதான், வெயில் வந்துவிட்டது. முதலில் தரையில் ஒரு கட்டம். அப்புறம் மாக்னேயின் மேசை. அப்புறம் அறை முழுக்க. பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வெளியே தெருவில் எங்கேயோ ஒரு கடைக்காரர் ஷட்டரை இறக்குகிற சத்தம் கேட்டது.

எங்கள் ஊரில் இதற்கு வெயில் விடுமுறை என்று பெயர். மழை ஓய்ந்து சூரியன் வந்தால், விட முடிகிறவர்களை முதலாளியே வெளியே அனுப்பிவிடுவார். கூட்டம் பாதியில் நிற்கும், கணக்கு பாதியில் நிற்கும், வங்கிக்காரனும் வக்கீலும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு மலைக்கு ஓடுவார்கள். தகவல் மையத்தில் மட்டும் எல்லோரும் போக முடியாது. ஆகவே டோக்கன் பெட்டியில் ஆளுக்கொன்று கிழிப்பார்கள். ஒற்றைப்படை வந்தவர் போகலாம். மாக்னேக்கு வந்தது எண்பத்தாறு. தூரிலுக்கு எண்பத்தேழு.

தூரில் தன் சீட்டையும் பார்த்தாள், அவன் முகத்தையும் பார்த்தாள். சீட்டை அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

"நீயே போ மனுஷா. இன்னிக்கு நீ இங்க இருந்தா ஊருக்கே ஆபத்து."

மாக்னேயின் பை எப்போதும் தயாராக இருக்கும். பிளாஸ்கில் காபி, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த ரொட்டித் துண்டுகள், ஒரு ஆரஞ்சு, ஈரத்தில் போட்டு உட்கார மடிப்பு ரப்பர் பாய் ஒன்று. இது இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் மலையேற மாட்டார்கள். மலை ரயிலுக்குக் கப்பல் கூட்டம் வளைந்து நின்றது. அவன் வளைவுப் பாதையில் கால்நடையாக ஏறினான். நாற்பத்தைந்து நிமிஷப் பாதையை இருபத்தெட்டு நிமிஷத்தில் முடித்தான். ஏன் இப்படி ஓடுகிறோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோதுதான் பதில் கிடைத்தது. வெயிலடிக்கிற நாளில் பெர்கன் ஊரில் யாரைத் தேடினாலும் மலையில்தான் தேட வேண்டும். அவளும் பெர்கன்காரிதானே!

மலை தாங்கவில்லை கூட்டம். பதினான்கு டிகிரிக்கு ஆட்கள் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார்கள். பாறைக்குப் பாறை ஆள் மல்லாந்து கிடந்தது. "ஹெய் ஹெய்." "ஹெய் ஹெய்." நீதிபதி சொன்னார், மீன்காரி சொன்னாள், மாக்னேயின் மேல்மாடியில் ஆறு வருஷமாகக் குடியிருந்து அவனை ஏறெடுத்தும் பார்க்காத மனுஷன் சொன்னான். எல்லோருக்கும் லேசாகக் கிறுக்குப் பிடித்திருந்தது. இருபத்து மூன்று நாள் மழைக்குப் பிறகு வெயிலைப் பார்த்தால் பிடிக்காதா பின்னே!

உச்சிக்குப் பின்னால் ஒரு சின்னக் குளம் உண்டு. அதைச் சுற்றிப் பாதை. மாக்னே இடப்பக்கமாகத் திரும்பி நடந்தான். எதிரே, குளத்தின் வளைவில், மஞ்சள் தெரிந்தது. இடுப்பில் கட்டிய மஞ்சள் கோட்டு.

அவனுக்குக் கை எது கால் எது என்று தெரியவில்லை. பதினைந்து அடி இருக்கும்வரை தரையைப் பார்த்து நடந்தான், அதுதான் முறை. பிறகு நிமிர்ந்தான்.

"ஹெய் ஹெய்."

"ஹெய் ஹெய்" என்றாள் அவள். குரலில் ஒரு துள்ளல்.

கடந்து போய்விட்டார்கள். அதுவும் முறைதான். ஹெய் ஹெய் சொன்னவர் நிற்கக் கூடாது. இருபது அடி வரைக்கும் மாக்னே தரையில் நடக்கவில்லை, மிதந்தான். இருபத்தோராவது அடியில் கால் தரையில் பட்டது. இவ்வளவுதானா? ஏழு வருஷத்துக்கு இரண்டு ஹெய்யா?

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. வட்டப் பாதை. அவள் அந்தப் பக்கமாகப் போகிறாள், தான் இந்தப் பக்கமாகப் போகிறோம். நடையை நிறுத்தாமல் இருந்தால் குளத்துக்கு அந்தாண்டை மறுபடி எதிர்ப்படுவோம்! நடந்தான். எதிர்ப்பட்டாள். ஆனால் ஒரே ஆளுக்கு இரண்டாவது ஹெய் சொல்ல எங்கள் வழக்கத்தில் இடமில்லை. சிரித்துவைத்தான். அவளும் சிரித்துவைத்தாள். மூன்றாவது தடவை, "நல்ல வெயிலு" என்றான். "ஆமா" என்றாள். நாலாவது தடவை, "இன்னும் இருக்கு" என்றான். "இருக்கு இருக்கு" என்றாள். ஐந்தாவது தடவை இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் மிச்சமில்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு கடந்தார்கள். கடந்த பிறகு அவள் சிரிக்கிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. இவன் காது சிவந்து பழுத்துவிட்டது.

"தம்பி! ஏ தம்பி!"

குளத்தோர பெஞ்சில் எத்தோரே. இலவங்கப்பட்டை பன் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் இரண்டு கையையும் தூக்கி ஹெய் ஹெய் சொல்லிக்கொண்டிருந்தார். மாக்னேயின் பை வாரைப் பிடித்து இழுத்தார்.

"முப்பத்தஞ்சு வருஷம் வட்ட ரூட்டுல பஸ் ஓட்டினவன் நான். சுத்துற வண்டியைப் பத்தி எனக்குச் சொல்ல வேண்டாம். காத்து வாங்க வந்தவ ஒரு சுத்தோட போயிடுவா. அந்த மஞ்சள் கோட்டுக்கு இது மூணாவது சுத்து."

"எனக்கும் மூணாவதுதான், ஐயா."

"அதைத்தானே சொல்றேன்! ரெண்டு பஸ்ஸும் எதிர் எதிர்ல வந்து லைட்டைச் சிமிட்டிட்டுச் சிமிட்டிட்டுப் போனா, ஏறுறவன் எப்படிடா ஏறுவான்? ஒரு வண்டி நிக்கணும்."

"எங்க நிக்கறது?"

"நடுப்பாதையில நில்லு. போ!"

மாக்னே நடுப்பாதையில் நின்றான். நின்றால் மட்டும் போதாதே, ஏதாவது செய்ய வேண்டுமே என்று பையைத் திறந்து ரப்பர் பாயை எடுத்து, பாதையோரப் பாறையில் விரித்தான். அவள் வளைவில் வந்தாள். பாதை நடுவில் மின்கம்பம் மாதிரி ஒருத்தன் நிற்பதைப் பார்த்து நடையைக் குறைத்தாள்.

"உட்காருறீங்களா?" என்று கேட்டான். 'ங்க' தானாக வந்துவிட்டது.

"அப்பாடா" என்று உட்கார்ந்தாள். "எனக்குத் தலை சுத்த ஆரம்பிச்சிருச்சு."

அவன் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்தான். பாய் ஒன்றுதான். பாறை இருபத்து மூன்று நாள் மழை குடித்த பாறை. கால்சட்டை நிமிஷத்தில் நனைந்தது. பொருட்படுத்தவில்லை. காபி ஊற்றினான், ஆரஞ்சை உரித்துப் பாதி கொடுத்தான். பாலாடைக்கட்டியை ரொட்டியில் குறுக்காக வைக்க வேண்டுமா நெடுக்காகவா என்று கால் மணி நேரம் வாதம் நடந்தது.

"நீங்க தகவல் மையத்துலதானே இருக்கீங்க?" என்றாள் அவள்.

"எப்படித் தெரியும்?"

"போன வருஷம் கண்ணாடி வழியா பார்த்தேன். டிராம்ல உம்முன்னு வர்ற ஆளு அங்க கையைக் காலை ஆட்டிப் பேசிட்டிருக்காரு! நின்னு அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். நனைஞ்சு ஜலதோஷமே வந்துடுச்சு."

அரை மணி நேரமா! மாக்னேக்குக் காபி புரையேறியது. அவளே முதுகில் தட்டினாள். திங்கட்கிழமை முதல் தெற்கே, லாகூனன் பக்கம், ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலை என்றாள். இத்தனை வருஷம் பின்னறையில் காகிதங்களோடு இருந்தவளுக்கு ஆட்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறதாம். "நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டாள். மேசை இருந்தால் பயமே தெரியாது, மேசையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று இவன் சொன்னான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒன்றரை மணி நேரம் போனது தெரியவில்லை. வாழ்நாளில் மேசை இல்லாமல் அவன் இவ்வளவு பேசியதில்லை.

கடல் பக்கத்திலிருந்து மேகம் வந்தது. எல்லாரும் எழுந்து சட்டை போட்டுக்கொண்டார்கள். அவளும் எழுந்தாள்.

"நடைக்கு நன்றி" என்றாள்.

"நடைக்கு நன்றி" என்றான்.

எங்கள் ஊரில் நடை முடிந்தால் புருஷன் பெண்டாட்டிகூட இதைச் சொல்லிக்கொள்வார்கள். சொன்னால் நடை முடிந்தது. அவள் அந்தப் பாதையில் இறங்கினாள், இவன் இந்தப் பாதையில் இறங்கினான். வளைவுக்கு வளைவு ஒரு குதி குதித்தான். ஈரக் கால்சட்டையோடு பாட்டு வேறு. அடிவாரத்தில் ரொட்டிக் கடை ஜன்னலில் தன் முகத்தைப் பார்த்து, யாருடா இந்த அழகன் என்று கேட்கிற நிலைமைக்கு வந்தபிறகுதான் நின்றான்.

பெயர் கேட்கவில்லை. போன் நம்பர் கேட்கவில்லை. வீடு எங்கே என்று கேட்கவில்லை. 'நடைக்கு நன்றி' சொல்லி முறைப்படி வழியனுப்பிவைத்திருக்கிறான்!

"அட அறிவு கெட்டவனே!" தகவல் மையமே அதிரக் கத்தினாள் தூரில். "வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் பேருக்கு வழி சொல்றே! ஒருத்தி வீட்டுக்கு வழி கேக்கத் தெரியலையா?"

"வாய்க்கு வரலை தூரில்."

"ஒன்றரை மணி நேரம் என்னதான் பேசினே?"

"பாலாடைக்கட்டியைப் பத்தி."

தூரில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "லாகூனன் பக்கம் எத்தனை பல் ஆஸ்பத்திரி இருக்கும்? போய்த் தேடு."

"பல்லு நல்லா இருக்கே எனக்கு" என்றான் பரிதாபமாக. தேடிப் போய் வேலையிடத்தில் நின்றால் அவள் என்ன நினைப்பாள்? செத்தாலும் மாட்டான்.

சனிக்கிழமை மழை. குளத்தைத் தனியாக ஐந்து சுற்று சுற்றினான். வாத்து ஒன்று கூடவே வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மழை. ஏழு சுற்று. எதிரே வந்தவர் ஒரே ஒரு நீதிபதி. அவரும் இரண்டாவது தடவை எதிர்ப்பட்டபோது சந்தேகமாகப் பார்த்தார். இப்படி ஒரு பேரிழப்பு வந்து சேர்ந்தும், வெள்ளிக்கிழமையை நினைத்தால் வாய் தானாகச் சிரித்தது. அழுகையும் வந்தது. வீட்டில் நாற்காலிக்கு நாற்காலி மாறி உட்கார்ந்து பார்த்தான், எதிலும் இருப்புக் கொள்ளவில்லை.

திங்கட்கிழமை. ஆறு நாற்பது டிராம். மூன்றாவது கதவு, ஜன்னலோரம். பெட்டியில் பாதிக்கு மேல் காலி. இருக்கிற ஏழெட்டுப் பேரும் ஆளுக்கொரு ஜோடி இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக உம்மென்று இருந்தார்கள். எதிர் வரிசையின் அந்தச் சாய்வு இருக்கையை மட்டும் பார்க்கக் கூடாது என்று மாக்னே ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டான்.

வெர்கெலன்ட். கதவு திறந்தது. ஈரக் காற்று. கூடவே மஞ்சள்.

அவள் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். அவளுடைய பழைய இருக்கை காலியாக இருந்தது. அதைத் தாண்டினாள். இன்னும் இருபது இருக்கை காலி. எல்லாவற்றையும் தாண்டி வந்து, மாக்னேயின் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க, உட்கார்ந்தாள்.

முன்னால் இருந்தவர் போனைக் கீழே இறக்கினார். பின்னால் ஒரு அம்மா இருமினாள். கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட ஒரு கண்ணைத் திறந்தார். எங்கள் ஊர் டிராமில் இப்படி ஒரு அக்கிரமத்தை யாரும் பார்த்ததில்லை.

மாக்னே அவள் பக்கம் திரும்பினான். வாயைத் திறந்தான். இருபத்திரண்டு வருஷப் பழக்கம் விடுமா?

"லாகூனன் போறதுக்கு எதிர் மேடையில நிக்கணுங்க. இது டவுனுக்குப் போற வண்டி."

"தெரியும்" என்றாள் அவள்.

"வழி மாறி ஏறிட்டீங்க."

"மாறி ஏறலை. ரெண்டு ஸ்டாப்புல இறங்கித் திரும்பிப் போயிடுவேன். ஏழேகாலுக்கு வேலை." கொஞ்சம் நிறுத்தினாள். "வெள்ளிக்கிழமை என் பையிலயும் ரப்பர் பாய் இருந்துச்சு. நீங்க நனைஞ்ச பாறையில உட்கார்ந்தப்போ எடுக்கலாம்னு நினைச்சேன். எடுத்தா நீங்க உங்க பாயைத் திருப்பி வாங்கிப்பீங்களோன்னு எடுக்கலை. அதைச் சொல்லணும்னுதான் ஏறினேன்."

முதல் நிறுத்தம் போனது. இரண்டாவது நிறுத்தம் வந்தது, கதவு திறந்தது, கதவு மூடியது. அவள் எழுந்திருக்கவில்லை. மாக்னேயின் கண் கடிகாரத்துக்குப் போயிற்று. திரும்பிப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று அவனை விடத் துல்லியமாகச் சொல்ல ஊரில் ஆள் இல்லை. கணக்குப் போட்டான்.

"முதல் நாளே லேட்டாயிடுவீங்க."

"ஆயிட்டேன். நாளைக்கு எல்லாருக்கும் கேக் கொண்டு போகணும்." அவன் பக்கமாகத் திரும்பினாள். "மாவு கலக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"சொல்லித் தரேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வாங்க."

பின்னால் இருந்த அம்மா இருமுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மாக்னேயின் வாயில் வராத கேள்வி இப்போது வெளியே வந்தது.

"எங்க வரணும்?"

அவள் அவன் சட்டைப் பையிலிருந்து நீலப் பேனாவையும் மடித்த வரைபடத்தையும் உரிமையோடு எடுத்தாள். தன் மடியில் விரித்தாள். வெர்கெலன்டுக்கு மேலே, மேட்டில், பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஊரெல்லாம் போட்டுக் கொடுத்தவனுக்கு, யாரோ ஒருத்தர் போட்டுக் கொடுத்த முதல் குறி அது.

"வெர்கெலன்ட்ல இறங்கி நேரா மேட்டுல ஏறுங்க. பத்து நிமிஷ நடைதான்."

பத்து நிமிஷம் என்றால் எங்கள் ஊரில் எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாதா! எவ்வளவாக இருந்தாலும் நடந்துவிடுவான். டிராம் கடைசி நிறுத்தத்துக்குள் நுழைந்தது. ஆட்கள் இவர்களைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள். அவள் இன்னும் குனிந்து, பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எழுதி முடித்து வரைபடத்தை அவனிடம் நீட்டினாள்.

'டாக்னி' என்று எழுதியிருந்தது.